ஷாஹித் இறங்கும்வரை

ஷமீமா தன் தம்பியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கியபோது, வாப்பாவின் தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணியில் முடிச்சு இன்னும் சரியாக விழவில்லை. ஒரு கையால் துணியின் நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால் ஷாஹித்தின் பெயரைத் தேடி அழுத்தி, நீக்கினாள். பிறகுதான் முடிச்சைப் போட்டாள்.

"இந்த நேரத்துல என்னடி போன நோண்டுறே? நல்லா இறுக்கிக் கட்டு," என்றார் உம்மா.

"கட்டிட்டேன் உம்மா."

வாப்பா ஹனீபா விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர்தான். தேநீர் ஆறிப்போகிறதே என்று உம்மா நஃபீசா தோளைத் தட்டினார், அவர் அசையவில்லை. ரொம்ப நாளாக இதய நோய்க்காரர். வீட்டுக்கு வந்த டாக்டர் பார்த்துவிட்டுச் சான்றிதழை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் அந்த அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஷமீமா முதலில் கூப்பிட்டது வாப்பாவின் தம்பியை. சாச்சா முகையதீன் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் காதில் ஒரு மௌத் செய்தி விழுந்தால் செருப்பை மாட்டுவதற்கு முன்னால் அது குழுவில் ஏறிவிடும். பெயர், புளோக் எண், எந்த லிஃப்ட், தொழுகை எந்தப் பள்ளியில் என்பதுவரை போட்டுவிடுவார். அழுதுகொண்டே, "குரூப்ல போட்டுடுறேம்மா," என்று அவர் சொன்னதும் ஷமீமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குழுவில் ஷாஹித் இருக்கிறான். அவன் இந்தோனேசியாவில், லொம்போக் தீவின் ரிஞ்சானி மலைமேல் இருக்கிறான். நேற்று ராத்திரிதான் எழுதியிருந்தான்: "விடியக்காலையில உச்சி. சிக்னல் கிடைச்சா கூப்பிடுறேன். வாப்பாகிட்ட சொல்லு."

சாச்சாவின் அறிவிப்பு வந்து விழுந்தபோது ஷாஹித் குழுவில் இல்லை. அதற்குக் கீழே நாகூரிலிருந்து ஜோகூர் வரை 'இன்னா லில்லாஹி' கொட்ட ஆரம்பித்தது. தூக்கியது சரியா தப்பா என்று யோசிக்க ஷமீமாவுக்கு நேரமிருக்கவில்லை. யோசித்திருந்தால் தூக்கியிருக்கமாட்டாளோ என்னவோ.

மலை என்கிற பேச்சு அந்த வீட்டுக்குள் வந்ததே ஹனீபாவால்தான். தேக்காவில் அவருக்குப் பயணப் பெட்டிகள், தோள்பைகள் விற்கிற கடை. வாங்க வருகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார். அடுத்த கேள்வி, என்ன படிப்பீர்கள். அதற்கு எந்தப் பதிலைச் சொன்னாலும் கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு மலைப் புத்தகம் கைக்கு வந்துவிடும். பனியில் வழி தவறியவர்கள், காட்டில் கிழங்கு தோண்டித் தின்று பிழைத்தவர்கள், கூடாரத்தைக் காற்று கொண்டுபோனவர்கள். ஊருக்குப் போகிற கட்டுமானத் தொழிலாளியையும் விடமாட்டார். "பிளேன்ல படிங்க தம்பி, தூக்கமே வராது," என்று நீட்டுவார். அந்த மனிதர் பாவம், பிளேனிலாவது நிம்மதியாகத் தூங்கலாமென்று இருந்திருப்பார். பள்ளிவாசல் இமாமுக்கும் ஒன்று கொடுத்தார். மறுக்கத் தெரியாமல் அவரும் வாங்கிக்கொண்டார்.

இத்தனைக்கும் ஹனீபா ஏறிய ஒரே மலை புக்கிட் தீமா. அதையும் மலை என்றால் மற்ற மலைகள் கோபித்துக்கொள்ளும்.

புத்தகங்களில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. "மோசமான புக்கு உச்சியில போயி முடிஞ்சிரும். நல்ல புக்கு, ஆளு திரும்பி வந்து வீட்டுக் கதவத் தட்டுற வரைக்கும் போகும்," என்பார். சோறு தின்னும்போதும் இதே பேச்சுதான். ஏறுகிறவனுக்குக் கவனம் இருக்கும். இறங்கும்போதுதான் மனசு முன்னாடியே வீட்டுக்குப் போய்விடும், கால் மட்டும் மலையில் கிடக்கும். செத்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் செத்தார்கள் என்பார். எம்ஆர்டி ரயில் நிலைய எஸ்கலேட்டரில் நின்றால்கூடச் சொல்வார். ஷமீமா அவர் கொடுத்த எந்தப் புத்தகத்தையும் திறந்ததில்லை. வீடு விற்று வாங்கிக் கொடுக்கிற ஏஜெண்ட் வேலையில் அவளுக்கு அதற்கெல்லாம் ஏது பொழுது? ஆனால் இந்தப் பேச்சை மட்டும் எத்தனை தடவை கேட்டிருப்பாளோ.

புத்தகத்தையும் படித்து, மலைக்கும் போனவன் ஷாஹித் ஒருவன்தான்.

சாச்சா வந்ததும் பேச்சு அவன் பக்கம்தான் திரும்பியது. கணவன் போனபின் பெண் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் உம்மா உட்கார்ந்துவிட்டதால் உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து பேசினார். சாச்சா கூடத்தில் நின்றுகொண்டு பேசினார்.

"மத்தியானம் லுஹர் தொழுகையோட எடுத்துடலாம் மதினி. மையத்த வச்சுக்கிட்டுக் காத்திருக்கக் கூடாது."

"எம் புள்ள மொகம் பாக்க வேணாமா?"

"அவன் மலையில இருக்கான். போனே போகலங்கிறா ஷமீமா."

"கிடைச்சா?"

சாச்சா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "லுஹருக்குள்ள கிடைச்சு, வர்றேன்னு சொன்னா, நாளைக்குக் காலையில வச்சுக்கலாம். இமாம்கிட்ட நான் பேசுறேன். கிடைக்கலன்னா லுஹர்தான்."

"ஷமீமா, கூப்பிட்டுக்கிட்டே இரு," என்றார் உம்மா.

ஷமீமா கூப்பிடவில்லை. போனில் விமானங்களைப் பார்த்தாள். பாலி வழியாக இரவு ஒன்று இருந்தது. அதைப் பிடிக்க வேண்டுமானால் ஷாஹித் மத்தியானத்துக்குள் மலையடிவாரத்தில் நிற்க வேண்டும். ஒழுங்காக இறங்குகிறவர்கள் சாயங்காலம்தான் வந்து சேருவார்கள் என்று போட்டிருந்தது. பாதை செங்குத்து, பொடிக்கல், கால் வைத்தால் சறுக்கும் என்றும் போட்டிருந்தது.

சொன்னால் ஓடுவான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போன வருஷம் உம்மா தேக்கா மார்க்கெட்டில் மீன் கடைப் பக்கம் வழுக்கி விழுந்தார் என்று கேட்டதும், எஸ்கலேட்டரில் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி இறங்கினவன் அவன். உம்மாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. இவனுக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு. அது எஸ்கலேட்டர். இது மலை.

காரிடாரில் நாற்காலி போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் குலசிங்கம் மடியில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரசாங்க வேலையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஷமீமாவைக் கண்டதும் எழுந்தார்.

"இதை இன்னும் முடிக்கேல்லை, பிள்ளை. திருப்பித் தர வேணுமே எண்டு கொண்டு வந்தனான்."

"வச்சுக்கங்க அங்கிள். முடிச்சிட்டுக் குடுங்க."

"வாசிக்கிறவைக்கு அவர் ஆளைப் பாத்துத்தான் குடுப்பார். எனக்கு எப்பவும் ஆத்துக் கதை. பனிக் கதை தரவே மாட்டார். உங்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது எண்டுவார்." சிரித்தார், பிறகு சிரித்தது தப்போ என்று கூடத்தைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த கடைக்காரர் ஒருவர், தனக்குக் கொடுத்தது பாலைவனக் கதை, அதைப் படித்த பிறகு தண்ணீர் போத்தல் இல்லாமல் பஸ் ஏறுவதில்லை என்றார். குலசிங்கம் அந்தப் புத்தகத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டார். மையத்து வீட்டில் இரண்டு பேரும் எந்தக் கதை உசத்தி என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். வாப்பா இருந்திருந்தால் நடுவில் நாற்காலி போட்டிருப்பார்.

"ஷாஹித் தம்பி பாவம்," என்றார் குலசிங்கம். "அவருக்கும் ஒரு மெசேஜ் போட்டிட்டன்."

"என்ன மெசேஜ்?"

"அனுதாபம்தான். இன்னும் ஒரு டிக்தான் விழுந்திருக்கு."

ஷமீமா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். பெரியவர் என்றும் பார்க்கவில்லை. உங்கள் அருமைத் தந்தையாரின் மறைவு என்று தொடங்கி நாலு வரி. எல்லோருக்கும் அழி என்பதைத் தொட்டாள். சாம்பல் நிறத்து ஒற்றை டிக் வரியோடு சேர்ந்து போனது.

"அவனுக்குத் தெரியாது அங்கிள். மலையில இருக்கான். இறங்கட்டும்."

குலசிங்கம் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "சரி பிள்ளை," என்றார். கடைக்காரரைப் பார்த்து, "நீங்களும் ஒண்டும் போட்டிடாதேங்கோ," என்றும் சொன்னார்.

குளிப்பாட்டுகிறவர்கள் வந்து அடுப்படிப் பக்கம் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மற்ற ஆண்கள் கீழே, புளோக்கின் திறந்த தரைத்தளமான வாய்ட் டெக்குக்குப் போனார்கள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது ஷமீமாவின் கையில் போன் அதிர்ந்தது. ஷாஹித்.

உம்மா அறைக்குள்ளிருந்து வந்துவிட்டார். "அவனா? குடு. குடுடி இங்க!"

ஷமீமா வாசலைத் தாண்டி வெளியே போய், இரும்புக் கதவைத் தன் பின்னால் இழுத்துச் சாத்தினாள். நாலடி தள்ளி, மாடிப்படி ஓரம் போய் நின்றாள். உம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தாவில் இருக்கிறவர் வாசலைத் தாண்டமாட்டார். அது தெரிந்துதான் ஷமீமா தாண்டினாள்.

"லாத்தா! கேக்குதா? உச்சி தொட்டாச்சு லா! இப்ப கீழ கேம்ப்புக்கு வந்துட்டேன், இங்கதான் சிக்னல். பயங்கரக் காத்து!"

"கேக்குது. நல்லா இருக்கியா?"

"நான் நல்லா இருக்கேன். நீ ஏன் என்னை குரூப்லேருந்து தூக்கின?"

"நீ போட்டோவாப் போட்டுத் தள்ளுற. எல்லாருக்கும் ஸ்டோரேஜ் ஃபுல். பதுருன்னிசா மாமி கம்ப்ளெயின் பண்ணாங்க."

"யாரு, மாமியா? தினம் காலையில ரோஜாப்பூ போட்டு குட் மார்னிங் சொல்றவங்களா? அவங்களத் தூக்கு மொதல்ல!" சிரித்தான். காற்று அவன் சிரிப்பைப் பாதி தின்றது. "சரி, வாப்பாவக் குடு."

"குளிக்கிறாங்க."

"சரி, சொல்லு. அவங்க குடுத்த புக்க ராத்திரி டென்ட்ல முடிச்சுட்டேன். முடிவு எனக்குச் சுத்தமாப் புடிக்கல. இதப் போயி இருக்கிறதுலயே பெஸ்ட்டுன்னாங்க. வந்து சண்ட போடுறேன்னு சொல்லு."

"வந்து போடு."

"உன் குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?"

"மூக்கடைப்பு. ஷாஹித், இனிமே எவ்வளவு இறங்கணும்?"

"இருக்கு லா, நெறைய. சாயந்தரம் ஆகும்."

"மெதுவா இறங்கு. இங்க ஒரு அவசரமும் இல்ல. கேக்குதா? கைடு கூடவே வா. முன்னாடி ஓடாத."

"தெரியும், தெரியும்," என்றவன் வாப்பாவின் குரலை எடுத்துக்கொண்டான். கொஞ்சம் மூக்கால், கொஞ்சம் இழுத்து. "இறங்கும்போதுதான் தம்பி, மனசு முன்னாடியே வீட்டுக்குப் போயிடும்..."

லைன் அறுந்தது. கீழே வாய்ட் டெக்கில் யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள்.

"சொல்லிட்டியா?" என்றார் உம்மா கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து.

"இல்ல."

"அவன் அத்தனை நேரம் பேசினான். உனக்குச் சொல்ல வாய் வரல?"

"சொன்னா ஓடுவான் உம்மா. உங்களுக்குத் தெரியும். அவன் கால் இருக்கிற எடத்துல அவன் இருக்கமாட்டான்."

"வாப்பா மொகத்தப் பாக்குறதும் பாக்காததும் அவன் முடிவு. அத எடுக்க நீ யாருடி?"

"நான் யாருமில்ல. வாப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?"

"உன் வாப்பா இருந்திருந்தா இந்தப் பேச்சே இல்ல!"

ஷமீமாவுக்குக் கோபமாகத்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாப்பா மேலாகக்கூட இருக்கலாம். மனிதர் பெட்டி விற்றோமா வந்தோமா என்று இருந்திருக்கலாம். பிள்ளை கையில் மலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தான் பாட்டுக்கு நாற்காலியில் கண்ணை மூடிவிட்டார்.

லிஃப்ட் கதவு திறந்து சாச்சா வந்தார். உம்மாவைக் கண்டதும் மரியாதைக்குத் தள்ளி நின்று தலையைக் குனிந்துகொண்டார். உம்மா கதவுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"தம்பி கிடைச்சானா?"

ஷமீமா வாயைத் திறந்தாள். உம்மா முந்திக்கொண்டார்.

"கிடைக்கல. லுஹருக்கே எடுத்துடுங்க."

சாச்சா தலையாட்டிவிட்டுப் படியில் இறங்கினார். ஷமீமா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். உம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளைக் கஃபன் துணி சுற்றி, அத்தர் மணக்க, ஹனீபாவைக் கூடத்தில் வைத்தார்கள். முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். பதுருன்னிசா மாமி அண்ணன் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஷமீமா வாப்பாவின் நெற்றியைத் தொட்டாள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாத்திரம்போல் ஜில்லென்று இருந்தது. கடைசியாக உம்மா குனிந்தார். அழவில்லை. காதருகே போய், வழக்கமாகக் கடைக்குப் போன் செய்து வீட்டுச் சமாச்சாரம் சொல்கிற அதே குரலில், "உங்க புள்ள இறங்கிக்கிட்டிருக்கான்," என்றார். பக்கத்தில் நின்ற ஷமீமாவுக்கு மட்டும்தான் அது கேட்டது. பிறகு முகத்தை மூடினார்கள்.

ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பள்ளியில் தொழுகை, அங்கிருந்து சுவா சூ காங் அடக்கத்தலம். பெண்கள் வீட்டிலேயே இருந்தார்கள். வாப்பாவின் நாற்காலி இருந்த இடம் காலியாகக் கிடந்தது. யாசீன் ஓதி முடித்துச் சிலர் கிளம்பினார்கள். காலையில் அவன் என்ன பேசினான் என்று உம்மா கேட்க, புக்கின் முடிவு பிடிக்கவில்லை என்றது வரை ஷமீமா சொன்னாள். யாரோ கொண்டுவந்த சாப்பாடு மேஜைமேல் மூடியபடி இருந்தது. ஷமீமா போனை மடியில் வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொன்னாலும் முதல் வார்த்தையிலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். ஓடி இறங்கித்தான் இருப்பானோ, கைடை விட்டுவிட்டு முன்னால் வந்திருப்பானோ, வேறு யாராவது அவனுக்கு எழுதிவிட்டார்களோ என்றெல்லாம் ஓடியது. அடக்கம் முடிந்துவிட்டது என்று சாச்சாவிடமிருந்து செய்தி வந்தது. அவனிடமிருந்து எதுவும் வரவில்லை.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு, வெயில் எதிர் புளோக்கின் மேல்மாடிக்குப் போனபோது போன் அடித்தது.

உம்மா கையை நீட்டினார்.

"நானே சொல்றேன் உம்மா."

"காலையில நீ சொல்லாம இருந்தது போதும். குடு."

ஷமீமா கொடுத்தாள். உம்மாவுக்கு எதை அழுத்துவதென்று தெரியாமல் ஸ்பீக்கரில் விழுந்தது.

"லாத்தா!"

"நான்தான். எங்க இருக்கே?"

"உம்மாவா? கீழ வந்துட்டேன் உம்மா. முட்டிதான் விண்ணு விண்ணுங்குது."

"முழுசா இறங்கிட்டியா? இன்னும் இறங்க ஒண்ணும் இல்லையே?"

"இல்ல உம்மா. ஊருக்குள்ள வந்துட்டேன். சாப்பாட்டுக் கடையில உக்காந்திருக்கேன்."

உம்மா கண்ணை மூடித் திறந்தார். ஷமீமா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"வாப்பா எங்க?" என்றான் ஷாஹித்.

ஷமீமா போனுக்காகக் கையை நீட்டினாள். உம்மா அவள் கையைப் பிடித்துக் கீழே தாழ்த்தினார், விடவில்லை.

"காலையிலேருந்து என்ன சாப்பிட்ட?"

"ரெண்டு பிஸ்கட்டு. நாசி கோரேங் சொல்லியிருந்தேன், இந்தா வச்சுட்டாங்க."

"சாப்பிடு மொதல்ல."

"நீங்க வாப்பாவக் குடுங்க, பேசிக்கிட்டே சாப்பிடுறேன்."

"என்கிட்ட பேசு. ஏதோ புக்கு புடிக்கலன்னு சொன்னியாமே. அதுல என்ன கதை?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நஃபீசா எந்தப் புத்தகத்தைப் பற்றியும் யாரிடமும் கேட்டவரில்லை.

"நீங்களா கேக்குறீங்க?" சிரித்தான். "வாப்பா பக்கத்துல நின்னு கேக்கச் சொல்றாங்களா?"

"சொல்லுடா. சாப்பிட்டுக்கிட்டே சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."

சொல்ல ஆரம்பித்தான். ஒரு பெண், மலைக்காட்டில் தனியாக மாட்டிக்கொள்கிறாள். மழையில் பாலம் போய்விட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவள் வீடு தெரிகிறது. புகை வருவதுகூடத் தெரிகிறது. போக முடியவில்லை. நடுநடுவே கரண்டி தட்டில் படும் சத்தம் கேட்டது. பசி போலிருக்கிறது, வேகவேகமாகச் சாப்பிட்டான். கடையில் ஒரு குழந்தை எதற்கோ அழுதது.

"ஆத்துத் தண்ணி வடியும்னு அவ காத்திருக்கா உம்மா, அதுதான் பாதி புக்கு," என்றான் வாயில் சோற்றோடு.

"மெதுவா சாப்பிடு," என்றார் உம்மா. ஷமீமாவின் கையை இன்னும் விடவில்லை. "அப்புறம்?"